மின்கம்பம் நின்ற இடத்திற்கு அப்பால்

பெரப்பஞ்சோலை என்னும் ஊரை நம் வாசகர்களுள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். நாமக்கல் மாவட்டத்தில், மஞ்சளுக்குப் பேர்போன நாமகிரிப்பேட்டைப் பகுதியில், கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டிய ஊர் அது. கொரோனாப் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2021-ஆம் ஆண்டில், அவ்வூர் மாணவர்கள் ஆலமரக் கிளைகளில் ஏறி அமர்ந்து கைப்பேசியில் பாடம் கேட்ட காட்சி நாளிதழ்களில் படமாக வெளிவந்தது. தரையில் கிடைக்காத சிக்னல் மரத்தின்மேல் கிடைத்தது என்பதே காரணம். பிள்ளைகளின் ஆர்வத்தைப் பலர் புகழ்ந்தார்கள். நமக்கோ புகழத் தோன்றவில்லை. கிளை முறிந்து ஒரு பிள்ளை விழுந்திருந்தால் அப்புகழ்ச்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மலையடிவாரத்தில் மட்டும் உள்ள குறை இது என்று எண்ணிவிடலாகாது. சேலம், நாமக்கல் சமவெளியின் குடியமைப்பே தனி வகையானது. தஞ்சைப் பகுதியைப் போல இங்கே எல்லாரும் தெருவமைத்து நெருங்கி வாழ்வதில்லை. அவரவர் காட்டில், அவரவர் கிணற்றடியில், தோட்டத்து வீடென்றும் காட்டுக்கொட்டாய் என்றும் தனித்தனியே குடியிருக்கின்றனர். வீடு சந்திக்கச் செல்லும் பங்குக் குருக்கள் யாவரும் இதை அறிவர். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டிற்குக் குச்சிக்கிழங்குக் காட்டையும் சோளக்காட்டையும் கடந்து வரப்பின்மேல் நடக்கவேண்டும். 1623-ஆம் ஆண்டில் தத்துவபோதக சுவாமி என்னும் ராபர்ட் தெ நோபிலி அடிகளார் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தபோது இவ்வழிகள் எப்படி இருந்திருக்கும் என நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவர் உரோமைக்கு எழுதிய மடல் கப்பலேறி மறுமொழி வருவதற்குள் பருவங்கள் பல மாறிவிடும். இன்று அதே சேந்தமங்கலத்திலிருந்து உரோமைக்கு ஒரு நொடியில் செய்தி போகிறது. ஆனால், அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள ஒரு காட்டுக்கொட்டாய்க்குப் போவதில்லை. இதுதான் நம் காலத்தின் விந்தை.

கம்பிவழி இணையம் வருமே என்று சிலர் கேட்கலாம். பாரத்நெட் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டது. நல்ல திட்டம்தான், குறை கூறுவதற்கில்லை. எனினும் அந்த இழையின் பெரும்பகுதி மின்கம்பங்களின்மீதே இழுக்கப்படுகிறது. அது வந்து சேரும் இடமும் ஊராட்சி அலுவலகமே. அங்கிருந்து இரண்டு கல் தள்ளியுள்ள வீட்டிற்கு யார் இழுப்பது? அதிலும், மின்கம்பமே வராத வீடாயிருந்தால்? கம்பம் இல்லாத வீட்டிற்கு இழையும் இல்லை. ஒரு வறுமை மற்றொரு வறுமையைக் கைப்பிடித்து அழைத்துவருகிறது.

நமது பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் நிலை இதுவே. பெயர் வேண்டாம். தார்ச்சாலையிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே கடலைக்காட்டு நடுவில் வீடு. மூன்று காடு தள்ளி மின்கம்பம் நின்றுவிட்டது. இடையிலுள்ள நிலத்துக்காரர் வரப்பில் கம்பம் நட இசையவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. இரவில் சூரிய விளக்கு. குடும்பத் தலைவர் சேகோ பேக்டரியில் வேலை செய்கிறார். வீட்டின் ஒரே கைப்பேசி அங்கேதான் நாள்தோறும் சார்ஜ் ஏறி வரும். மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, செவிலியர் படிப்பில் சேர விரும்பினாள். விண்ணப்பம், சான்றிதழ்ப் பதிவு, கலந்தாய்வு யாவும் இணையத்தில். ஓடிபி எண் வந்தால் குறித்த நிமிடங்களுக்குள் பதியவேண்டும். வீட்டில் சிக்னல் கிடையாது. தந்தை வேலை முடிந்து கைப்பேசியுடன் திரும்பிய பின்னரே அப்பெண் புறப்பட முடியும். ஆகவே, இருட்டும் வேளையில் அவள் சாலையோரச் சிறுபாலத்தின்மேல் போய் நிற்பது வழக்கமாயிற்று. ஒருநாள் மாலை இரு வாலிபர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அவளை வழிமறித்துப் பேசியிருக்கின்றனர். ஓட்டமாய் ஓடி வந்தவள் மறுநாள் முதல் வெளியே செல்லவில்லை.

நாம் சென்று கண்டபோது தாய் சொன்னார்: "படிப்புப் போனாப் போகுதுங்க சாமி. புள்ளை பத்திரமா இருந்தாப் போதுமுங்க."

அந்தத் தாயை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்தச் சிறுபாலத்தோடு முடிந்துவிடலாமா? 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணைய வசதி பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி எனத் தீர்ப்பளித்தது. அதற்கும் முன்பே, 2002 பிப்ரவரியில், சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை வெளியிட்ட இணைய அறநெறி பற்றிய ஏடு, வசதி உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் இடையே இணையம் உண்டாக்கும் பிளவை நீதிக்குரிய பிரச்சினையாகவே எடுத்துரைத்தது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2001 நவம்பர் 22-ஆம் நாள் ஓஷியானியாத் திருச்சபைக்கான தமது ஊக்கவுரை மடலை வத்திக்கானிலிருந்து மின்னஞ்சல் மூலமே அனுப்பிவைத்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது. கடல் நடுவே சிதறிக்கிடக்கும் தீவுகளை எட்டுவதற்கு அதுவே ஏற்ற வழியென அவர் கண்டார். நம் காட்டுக்கொட்டாய்களும் ஒருவகையில் தீவுகளே அன்றோ?

மின்சாரம் இல்லாத இடத்தில் இணையம் எப்படி என்று மலைப்பவர்க்கு ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்வோம். டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி வில்லியனூரை மையமாகக் கொண்டு சிற்றூர்களில் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. மின்சாரத்தை நம்ப முடியாததால் சூரிய மின்சாரத்தையும் சேர்த்துக்கொண்டனர். தொலைபேசிக் கம்பி போதாத ஊர்களை வானொலி அலைக் கருவிகளால் இணைத்தனர். வீராம்பட்டினத்து மீனவர்க்கு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து கடல் அலையின் உயரம் பற்றிய கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினி ஒன்று, பயன் பெற்றதோ ஊர் முழுவதும். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும், நேருக்கு நேர் பார்க்கும் ஆன்டெனாக்களை உயரத்தில் நிறுத்திப் பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிறு மையங்களைத் தன்னோடு இணைத்து, சிற்றூர் நோயாளியை நகரத்து மருத்துவரோடு முகம் பார்த்துப் பேச வைத்தது. ஆகவே, நாம் நாடியது முன்பின் அறியாத புதுமை அன்று.

நம் பங்கு இளைஞருள் ஒருவர் மின்னணுவியல் படித்தவர். அவர் கூறிய விளக்கம் எளியது. வானொலி அலை நேர்கோட்டில் செல்வது. பாறையும் மேடும் அடர்ந்த தென்னந்தோப்பும் அதை மறிக்கும். அந்த வீடு பள்ளத்தில் இருக்கிறது; நான்கு கிலோமீட்டர் தொலைவில் கோபுரம் இருந்தும் நிழலில் கிடக்கிறது. கைப்பேசியின் ஆன்டெனா விரலளவு. அதற்குப் பதிலாக ஒரே திசையை நோக்கும் ஆன்டெனாவை முப்பதடி உயரத்தில் கோபுரத்தைப் பார்த்து நிறுத்தினால் சிக்னல் கிட்டும். அதனோடு சிம் கார்டு போடும் ரூட்டரை இணைத்தால் வீட்டைச் சுற்றி வைஃபை பரவும்.

மின்சாரக் கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார். ரூட்டருக்கு ஏறத்தாழ 10 வாட். நாள் முழுதும் ஓடினால் 240 வாட்-மணி. 100 வாட் சூரியத் தகடு ஒன்று நம் சேலத்து வெயிலில் நல்ல நாளில் 350 வாட்-மணிக்குக் குறையாமல் தரும். 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் 480 வாட்-மணி அடங்கும்; அதில் பாதிக்குமேல் இறக்காவிட்டால் பேட்டரி நெடுநாள் உழைக்கும். இன்வெர்ட்டர் வேண்டாம் என்பதை அவர் வற்புறுத்தினார். 12 வோல்ட்டை 230 ஆக உயர்த்தி, மீண்டும் 12 ஆகத் தாழ்த்துவதில் மின்சாரம் வீணாகும். ரூட்டரோ 12 வோல்ட்டிலேயே நேரடியாக ஓடக்கூடியது. கைப்பேசி சார்ஜ் செய்யவும் மிஞ்சும்.

முதலில் ஆன்டெனாவைத் தென்னை மரத்தில் கட்டினார்கள். காற்றில் தென்னை ஆட, ஆன்டெனாவும் ஆட, இணையம் வருவதும் போவதுமாக இருந்தது. பின்னர் களத்துமேட்டில் இரும்புக் குழாய் நட்டு, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார்கள். இடி மின்னலுக்கு அஞ்சிக் குழாயிலிருந்து மண்ணுக்குள் எர்த் கம்பி இறக்கப்பட்டது. எல்லாம் சேர்ந்து பதினெட்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல் ஆயிற்று. அருகிலுள்ள இரு குடும்பங்கள் ஆளுக்கொரு பங்கு ஏற்றுக்கொண்டன. அவற்றுள் ஒன்று இந்துக் குடும்பம். எஞ்சியதை நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் கொடுத்தார்கள். மாதக் கட்டணமும் மூன்று வீட்டிற்கும் பொது.

கார்த்திகை, மார்கழியில் மேகம் கவிந்து தகட்டில் மின்சாரம் குறையும். அந்நாள்களில் இரவு பத்து மணி முதல் விடியற்காலை வரை ரூட்டரை நிறுத்திவிடுகிறார்கள். கருவி உறங்கினால் பிள்ளைகளும் உறங்குகின்றனர் என்று குடும்பத் தலைவர் வெயில் காலத்திலும் இப்பழக்கத்தை விடவில்லை!

இம்முறையைப் பின்பற்ற விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. சிக்னல் பூஸ்டர் என்ற பெயரில் சந்தையில் கிடைக்கும் கருவிகளை வாங்கவேண்டா. உரிமமின்றி அவற்றை வைத்திருப்பதே குற்றம். அண்டை அயலாரின் தொடர்பையும் அவை கெடுக்கும். இங்கே சொன்ன ரூட்டர் அவ்வகையைச் சேர்ந்ததன்று. விண்கோள் இணையம் பற்றியும் கேட்கிறார்கள். ஸ்டார்லிங்க் நிறுவனத்திற்கு 2025 ஜூன் மாதம் மத்திய அரசு உரிமம் அளித்தது. ஆனால் அதன் வழக்கமான தட்டுக்கு 50 வாட்டுக்கு மேல் வேண்டும். நம் ரூட்டரைப்போல் ஐந்து மடங்கு. சூரியத் தகட்டை நம்பி வாழும் ஏழை வீட்டிற்கு அது ஏற்றதென்று நமக்குத் தோன்றவில்லை.

நம் பங்கில் ஒரு சாரார் கேட்ட கேள்வியையும் மறைக்கவேண்டியதில்லை. இணையம் பிள்ளைகளைக் கெடுக்கிறதே, இல்லாத வீட்டிற்குச் சாமியாரே கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்றார்கள். கேட்டவர் வீடுகள் அனைத்திலும் இணையம் இருக்கிறது என்பதை மட்டும் அன்போடு சுட்டிக்காட்டினோம். தீங்கு உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. அதற்குக் காவல் வேண்டும். அந்த வீட்டில் கடவுச்சொல் தாயிடம் இருக்கிறது. கைப்பேசி திண்ணையில்தான் பயன்படுத்தப்படுகிறது. நகரத்துப் பெற்றோர் எத்தனை பேர் இவ்வளவு செய்கிறார்கள்?

சிக்னலே எட்டாத ஊர்களின் கதை வேறு. அங்கே குழாய் நட்டுப் பயனில்லை, கோபுரம்தான் வேண்டும். இணைப்பில்லாத 24,680 ஊர்களுக்கு 4ஜி சேவை வழங்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்து, அப்பணியைப் பி.எஸ்.என்.எல். நிறுவனத்திடம் ஒப்படைத்தது. தங்கள் ஊர் விடுபட்டிருந்தால் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. நம் மக்கள் அங்கே போவது குறைவு; போனாலும் பின்வரிசையில் நின்றுவிட்டு வந்துவிடுகிறார்கள். பெண்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும்.

அந்தப் பெண் கலந்தாய்வில் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே கல்லூரிகளைத் தெரிவு செய்தாள், இடமும் கிடைத்துவிட்டது. அவள் தம்பிமார் இருவரும் இப்போது மாலையில் அங்கேயே படிக்கிறார்கள். ஓடைக்கு அப்பால் மேலும் இரண்டு கொட்டாய்கள் இருக்கின்றன. அங்கே பள்ளம் இன்னும் ஆழம். முப்பதடிக் குழாய் போதாது, நாற்பதடியாவது வேண்டும் என்று இளைஞர்கள் அளந்துவிட்டு வந்திருக்கிறார்கள்.