அழைப்பும் ஊழியமும்: அன்றாடத் தொழிலில் அயலார்க்குரிய பணி

இடைக்கால ஐரோப்பியக் கிறித்துவத்தில் 'இறையழைப்பு' என்பது பெரும்பாலும் துறவியர்க்கும் குருமார்க்குமே உரியதாகக் கருதப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் இவ்வெல்லையை அகற்றினார். அவர் கையாண்ட 'பெரூஃப்' என்னும் ஜெர்மானியச் சொல் அழைப்பையும் தொழிலையும் ஒருங்கே குறித்தது. இப்பொருள் அவர்தம் விவிலிய மொழிபெயர்ப்பின்வழித் தோன்றியதென மாக்ஸ் வெபர் 1904-05இல் எடுத்துக்காட்டினார்.

லூதரின் கருத்துப்படி மீட்பு அருளால் கிடைப்பது, நற்செயலால் ஈட்டப்படுவதன்று. ஆகவே மனித உழைப்பு கடவுளுக்குச் செலுத்தும் விலையாகாமல், அயலாரின் தேவையை நாடிச் செல்கிறது. செருப்புத் தைப்பவரும் குழந்தையைப் பேணும் தாயும் தத்தம் பணியாலேயே பிறர்க்குத் தொண்டாற்றுகின்றனர்.

எனினும், எல்லாத் தொழிலும் அழைப்பெனின், பிறந்த நிலையிலேயே ஒருவரை அடக்கி வைப்பதற்கு அது துணைபோகாதா என்னும் ஐயம் எழுகின்றது. சாதியால் தொழில் வகுக்கப்பட்ட வரலாற்றை அறிந்த நாம் இதனைப் புறக்கணித்தல் இயலாது. மிரோஸ்லாவ் வோல்ஃப் 1991இல் வெளியிட்ட நூலில், மாறாத அழைப்பினும் தூய ஆவியார் அருளும் கொடைகளே உழைப்புக்கு ஏற்ற அடிப்படை என வாதிட்டார். கொடைகள் பலவாதலின் தொழிலும் மாறலாம். பணியின் நோக்கமே மாறாதது.

கிறித்துவத் தமிழில் 'ஊழியம்' திருச்சபைப் பணியைச் சுட்டுகிறது. பொதுவழக்கில் 'ஊழியர்' ஊதியத்திற்குப் பணிபுரிவோராவர். லூதர் ஒரு சொல்லில் இணைத்த இரண்டும் நம் மொழியில் ஒரே வேரில் நிற்கின்றன. வகுப்பறையில் இச்சொல்லை விளக்குங்கால் இவ்வுறவையும் உணர்த்துதல் தகும்.