காதுக்கு எட்டாத பேஸ்

மெட்டாலிகாவின் தீவிர ரசிகரிடம் அந்த அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவின் நான்காவது ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பாராட்டும் புகாரும் ஒரே மூச்சில் வரும். 1988இல் வெளியான ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ அவர்களது மிகச் சிக்கலான படைப்பு. பத்து நிமிடத்தைத் தொடும் பாடல்கள், அடிக்கடி மாறும் தாளம். ஆனால் பேஸ் கிட்டாரைத்தான் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும்.

பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து இறந்தார். வயது 24. அவரிடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் வாசிப்பு ஒலிக்கலவையில் அமுங்கிப்போனது. நண்பனை இழந்த துக்கம் என்று மன்னிப்பவர்கள் உண்டு; புதியவருக்கு இழைத்த அநீதி என்று கொதிப்பவர்களும் உண்டு. நீதியைத் தலைப்பில் வைத்த ஆல்பத்தில் இப்படியா என்பது அவர்கள் கேள்வி.

அடுத்து 1991இல் வந்த, குழுவின் பெயரையே தாங்கிய ஆல்பத்தில் பேஸ் கணீரென்று ஒலித்தது. விற்பனை கோடியைத் தாண்டியது. பாட்டு எளிமையாகிவிட்டதே என்று பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள்.

2018இல் ‘ஜஸ்டிஸ்’ மெருகேற்றப்பட்டு மீண்டும் வந்தபோதும் பேஸ் உயரவில்லை. ரசிகர்களே பேஸைக் கூட்டித் தங்களுக்குள் பரப்பிக்கொண்டார்கள். ஆனாலும் அசல் பதிவை ஒதுக்குவது எளிதல்ல. பர்ட்டன் விட்டுச்சென்ற இசைத்துணுக்குகளிலிருந்து உருவான ‘டு லிவ் இஸ் டு டை’ இருப்பதும் அதே ஆல்பத்தில்தான்.