சொல்லிவிட்ட எண்ணின் ஆயுள்

“அம்மா, மீன்வளத் துறையிலிருந்து பேசறோம். தடைக்கால நிவாரணம் உங்க கணக்குல ஏறாம நிக்குது. ஆதார் நம்பரைச் சொல்லுங்க.”

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களுக்கென்று மீனவக் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் தருகிறது. கோவளத்திலோ தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ அந்தப் பணத்துக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இப்படி ஓர் அழைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். அட்டையைப் பார்த்து 12 இலக்கங்களையும் படிக்கிறார். அவசரத்தில் 47 என்பதை 74 என்று படித்துவிடுகிறார். மறுமுனையில் இரண்டு நொடி பேச்சில்லை. பிறகு, “தப்பா இருக்கேம்மா, நிதானமா பார்த்துச் சொல்லுங்க.”

அந்த இடத்தில்தான் அவர் முழுதாக நம்பிவிடுகிறார். நம்பர் தப்பு என்று கண்டுபிடிக்கிறவர் முன்னால் அரசாங்கக் கணினி இருக்கத்தானே வேண்டும்?

அப்படி எதுவும் இல்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு கணக்கு மட்டுமே. அழகான கணக்கு என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் தனியாக ஒதுக்கப்படுவதில்லை. முந்தைய 11 இலக்கங்களைக் கொண்டு கணக்கிட்டால் தானாக வந்து விழும். சரிபார்ப்பு இலக்கம் என்று பெயர். அதைக் கணக்கிடும் முறையை யாக்கோபஸ் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதவியலாளர் 1969-இல் வெளியிட்டார். எண்களை எழுதும்போது மனிதர்கள் எப்படியெல்லாம் தவறுகிறார்கள் என்று அவர் முதலில் ஆராய்ந்தார். ஓர் இலக்கம் வேறாகிவிடுவதுதான் மிகுதி; அடுத்தபடி, பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறிக்கொள்வது. வெறும் கூட்டல் இந்த இரண்டாவது தவறைப் பிடிக்காது. நான்கும் ஏழும் எந்த வரிசையில் கூட்டினாலும் பதினொன்றுதான். வரிசை மாறினால் விடையும் மாறுகிற ஒரு கணிதம் வேண்டும்.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் சம ஐங்கோணமாக அறுத்த கல்தகடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மூலைக்கும் அடையாளம் இட்டிருக்கிறது. தகட்டை எடுத்து அதே தடத்தில் பொருந்தும்படி திரும்ப வைக்க எத்தனை வழி? சுழற்றிச் சுழற்றி வைத்தால் 5. புரட்டிப் போட்டுச் சுழற்றினால் இன்னும் 5. மொத்தம் 10. நம் இலக்கங்களும் சுழியம் முதல் ஒன்பது வரை 10. ஒவ்வொரு நிலைக்கும் ஓர் இலக்கத்தைப் பெயராக வைத்தார் வெர்ஹூஃப். ஒரு மூலை சுழற்றிவிட்டுப் புரட்டிப் பாருங்கள், பிறகு புரட்டிவிட்டுச் சுழற்றிப் பாருங்கள். தகடு வேறு வேறு நிலையில் வந்து நிற்கும். அவர் தேடிய கணிதம் அதில் இருந்தது. புரட்டாமல் இரண்டு முறை சுழற்றும்போது வரிசை மாறினாலும் விடை மாறாது என்பதால், இடத்துக்கு இடம் இலக்கங்களைக் குலுக்கி வைக்கும் அட்டவணை ஒன்றையும் சேர்த்தார். இன்று எந்த ஓர் இலக்கம் பிசகினாலும், பக்கத்து இலக்கங்கள் எந்த இரண்டு இடம் மாறினாலும் அந்த முறை பிடித்துவிடுகிறது.

இதற்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை. கைபேசியில் சில வரி நிரல் போதும். “சும்மா ஒரு நம்பரைச் சொல்லித் தப்பிச்சிடலாம்” என்று நினைப்பவரின் கற்பனை எண் இந்தச் சோதனையில் தேறும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். களைத்த எழுத்தரின் கைப்பிழையைப் பிடிக்கப் பிறந்த கணிதம், மோசடிக்காரனுக்கு அதிகாரியின் குரலைக் கொடுத்துவிடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

கார்டு எண்ணிலும் இதுபோன்ற வித்தை உண்டு. “உங்க கார்டு இந்த நாலு நம்பர்ல ஆரம்பிக்குதா, சரியா?” என்று அழைத்தவரே சொல்லும்போது நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. முதல் 6 முதல் 8 இலக்கங்கள் வங்கியையும் கார்டு வகையையும் குறிப்பவை. செங்கல்பட்டில் அதே வங்கியின் அதே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் அவை ஒன்றே. ஐஎஃப்எஸ்சி குறியீடு கிளையின் பெயர்ப்பலகை போலப் பொதுவானது. பான் எண்ணின் நான்காம் எழுத்து தனிநபர் அனைவருக்கும் ‘பி’. பெயர், பிறந்த தேதி, முகவரி போன்றவை எத்தனையோ படிவங்களில் நாமே எழுதிக் கொடுத்தவை. நம்மைப் பற்றி அவருக்குத் தெரிந்திருப்பது அவர் யார் என்பதற்குச் சான்றாகாது.

இவ்வளவு தெரிந்தவர் ஏன் நம்மிடம் கேட்க வேண்டும்? கேட்டே ஆக வேண்டும் என்பதால். இணையத்தில் கார்டைப் பயன்படுத்த இரண்டாவது உறுதிப்பாடு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கிவிட்டது. ஆறு இலக்க ஓடிபி என்றால் 10 லட்சம் வாய்ப்புகள். மூன்று முறை தவறினால் கதவு மூடும் என்று வைத்துக்கொண்டால், ஊகித்து நுழையும் வாய்ப்பு 10 லட்சத்தில் மூன்று. இயந்திரத்தை வெல்ல முடியாதவர்கள் மனிதரிடம் வருகிறார்கள். இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்பது, மகளிர் உரிமைத் தொகை, பிள்ளையின் கல்வி உதவித்தொகை, சிற்பக் கடைக்கு வரும் பெரிய ஆர்டர், கடற்கரை விடுதி முன்பதிவு எல்லாமே அந்த ஆறு இலக்கத்தைக் கேட்பதற்கான முன்னுரைதான்.

சரி, சொல்லியாகிவிட்டது. இனி என்ன?

என்ன சொன்னோம் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் ஆயுள் இருக்கிறது. ஓடிபி சில நிமிடங்களில் செத்துவிடும். ஆனால் அதற்குள் செய்யவேண்டியதைச் செய்துவிட்டுத்தான் சாகும். யுபிஐ பின், ஏடிஎம் பின், கடவுச்சொல் எல்லாம் நாம் மாற்றும் வரை உயிரோடிருக்கும். கார்டு எண்ணும் பின்பக்க மூன்று இலக்கமும் கார்டை முடக்கும் வரை. ஆதார் எண்ணும் பிறந்த தேதியும் நம் காலம் முழுக்க. குறுகிய ஆயுள் கொண்டதைச் சொல்லியிருந்தால் நிமிடக் கணக்கில் ஓட வேண்டும். நீண்ட ஆயுள் கொண்டதை மட்டும் சொல்லியிருந்தால் பதற்றம் வேண்டாம். பல மாதம் கண்காணிக்கும் பொறுமை வேண்டும்.

ஓடிபியோ பின்னோ சொல்லி, பணமும் போயிருந்தால் உடனே 1930. இது தேசிய சைபர் குற்ற உதவி எண். இரவு பகல் எப்போதும் இயங்கும். போன தொகை, நேரம், குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண், வங்கிப் பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். நீங்கள் சொல்வது உங்கள் வங்கிக்கும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் உடனே போகிறது. பணம் அங்கே இருந்தால் அந்தத் தொகையை அந்த வங்கி நிறுத்திவைக்கிறது. வேறு வங்கிக்கு நகர்ந்திருந்தால் எச்சரிக்கையும் பின்னாலேயே நகர்கிறது. மோசடிக்காரர்களும் இதை அறிவார்கள். அதனால்தான் கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தம் கணக்கை இரவல் கொடுத்தவர்களின் கணக்குகள் வழியாகப் பணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஓட்டுகிறார்கள். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் நிறுத்திவைக்க ஒன்றும் மிஞ்சாது. சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் முழுப் புகாரை 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

அடுத்த அழைப்பு வங்கிக்கு. அந்த எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். போலி வாடிக்கையாளர் சேவை எண்கள் அங்கேதான் வலைவிரித்துக் காத்திருக்கின்றன. கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணையோ, ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் வங்கித் தளத்தில் உள்ள எண்ணையோ பாருங்கள். வங்கியிடம் சொன்ன நேரத்தையும் அவர்கள் தரும் புகார் எண்ணையும் எழுதி வைப்பது மிக முக்கியம். காரணம், 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. ரகசிய எண்ணை வாடிக்கையாளரே சொல்லிவிட்டதால் வந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவருடையது. தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது. நாமே சொன்னோமே, இனி யாரிடம் போய் நிற்பது என்று ஒதுங்குகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியை அறியாமலே இழக்கிறார்கள்.

அழைத்தவர் சொல்லி ஏதாவது செயலியை நிறுவியிருந்தாலோ, வாட்ஸ்அப்பில் வந்த ‘ஏபிகே’ கோப்பைத் திறந்திருந்தாலோ நிலைமை வேறு. அந்தக் கைபேசி இனி உங்களுக்காக மட்டும் உழைக்கவில்லை. வரும் ஓடிபியை நீங்கள் சொல்லாமலே அது அனுப்பக்கூடும். உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, 1930-க்கும் வங்கிக்கும் வேறொரு கைபேசியிலிருந்து பேசுங்கள். கடவுச்சொற்களையும் அந்த வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். சிம்மில் திடீரென்று சிக்னல் போய், அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் இருந்தால், உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ புது சிம் வாங்கிவிட்டார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள்.

ஆதார் எண்ணை மட்டும் சொல்லியிருந்தால்? அதை வைத்து மட்டும் யாராலும் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. ஆனால் ஊர்களில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கிறோமே, அந்த முறைக்கு ஆதார் எண், வங்கிப் பெயர், விரல்ரேகை மூன்றும் போதும், ஓடிபி கேட்காது. ரேகையை நகலெடுத்துத் திருடிய வழக்குகள் நாட்டில் உண்டு. ஆதார் ஆணையத்தின் செயலியில் விரல்ரேகையைப் பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது நாமே திறந்துகொள்ளலாம். உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் அங்கே கிடைக்கும். சந்தேகம் இருந்தால் 1947-ஐ அழைக்கலாம். பான் எண்ணும் போயிருந்தால் உங்கள் பெயரில் யாரோ கடன் வாங்கப் பார்ப்பார்கள். சிபில் உள்ளிட்ட கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்காமல் சில மாத இடைவெளியில் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்ப்பது நல்லது. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளம் காட்டும்.

இழந்தவர்களைத் தேடி இரண்டாவது அழைப்பும் வரும். போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்பார்கள். ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.

அசட்டுத்தனம் செய்துவிட்டோம் என்ற வெட்கத்தால் வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் ஏராளம். 2024 ஆகஸ்டில் வர்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலை ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி, உச்ச நீதிமன்றம் போல ஒரு போலிக் காட்சியையே வீடியோவில் நடத்தி, 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். பெரும் நிறுவனத்தை நடத்தியவரையே அது அசைத்திருக்கிறது. அவர் காவல்துறையிடம் போனார், 5.25 கோடி மீட்கப்பட்டது. டிஜிட்டல் கைது என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்குமே இல்லை. அந்த 2024-ஆம் ஆண்டில் மட்டும் சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அத்தனை பேரும் முட்டாள்களாக இருக்க முடியாது.

செங்கல்பட்டிலும் மறைமலைநகரிலும் பெற்றோரைத் தனியே விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அப்பாவோ அம்மாவோ தயங்கித் தயங்கி, “யாரோ கேட்டாங்க, சொல்லிட்டேன்ப்பா” என்று சொன்னால் அதட்டாதீர்கள். அதட்டினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டார்கள். என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அவர்கள் எண்ணிலிருந்தே 1930-க்குப் பேச வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.