மூன்று சிலிண்டரில் வீடு சேர்ந்த கார்கள்

பழைய அம்பாசடர் டாக்சியின் டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கியோடு ஒரு சாக்குப் பையும் கிடக்கும். சைக்கிள் டியூபில் அறுத்த பட்டைகள், ஒரு சுருள் கட்டுக்கம்பி, ஒரு முழ ரப்பர் ஹோஸ், டப்பாவில் கிரீஸ், காகிதத்தில் மடித்த செம்பு வாஷர்கள், பாதி தேய்ந்த பார் சோப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். சோப்பு கை கழுவ மட்டுமல்ல. கல்லடித்து டீசல் டேங்கில் ஓட்டை விழுந்தால் அதைப் பிசைந்து அழுத்தி அடைப்பார்கள். சோப்பு தண்ணீரில் கரையும், டீசலில் கரையாது. மழை வராத வரைக்கும் தாங்கும்.

1980 வாக்கில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரில் 1,489 சிசி டீசல் இன்ஜினைப் பொருத்தியது. வெறும் 37 குதிரைத்திறன். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆனாலும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை வித்தியாசத்தில் டாக்சிக்காரர்கள் பலரும் அதற்கு மாறினார்கள். அதோடு டீசல் ஒழுக்கும் அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது. பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து முன்னால் இருக்கும் இன்ஜின் வரை வண்டியின் அடிவயிற்றில் ஓடுகிற இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். டீசல் இன்ஜினின் உதறலில் யூனியன் நட்டுகள் தளரும். லீக் என்பதற்காக வண்டியை நிறுத்தியவர் குறைவு. ஊர் போய்ச் சேருமா சேராதா என்பதுதான் கேள்வி.

விவரம் தெரிந்த டிரைவர் முதலில் பார்ப்பது, எந்தப் பக்கத்து லீக் என்பதை. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்தப் பாதையில் விரிசல் விழுந்தால் வெளியே பெரிதாகச் சொட்டாது, உள்ளே காற்று போகும். வண்டி திணறித் திணறி நின்றுவிடும். பம்ப்புக்கு அந்தப் பக்கம் டீசல் தள்ளப்படுகிறது. அங்கே விரிசல் என்றால் வெளியே ஒழுகும், ஆனால் வண்டி ஓடும். "அண்ணே, கீழ சொட்டுது" என்று கிளீனர் பையன் பதறினால், "சொட்டுனா சொட்டட்டும்டா, காத்து இழுக்காம இருந்தாச் சரி" என்பது பதிலாக வரும்.

காற்று இழுக்கும் இணைப்பின் மேல் கிரீஸை அப்பி, அதன் மேல் டியூப் பட்டையை இழுத்துச் சுற்றுவார்கள். உறிஞ்சும் விசையே கிரீஸை விரிசலுக்குள் இழுத்து அடைத்துக்கொள்ளும். பிறகு ஏர் எடுக்க வேண்டும். ஃபீட் பம்ப்பின் கை லீவரை அடித்துக்கொண்டே திருகாணியைத் தளர்த்தினால் முதலில் நுரை வரும், பிறகு சுத்தமான டீசல் வரும். அப்போது முறுக்க வேண்டும். கடைசியாக நாசில் நட்டுகளைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, அங்கிருக்கும் காற்றையும் விரட்டுவார்கள். குழாயே மொத்தமாகக் கெட்டுப்போனால், ஒரு கேனில் டீசலைப் பிடித்து இன்ஜினுக்கு மேலே உயரமாகக் கட்டி, அதிலிருந்து நேராக பம்ப்புக்கு ஹோஸ் விட்டுவிடுவார்கள். டேங்க்கும் வேண்டாம், பைப் லைனும் வேண்டாம்.

செம்பு வாஷர் விஷயம் இதைவிட நுணுக்கமானது. ஒரு முறை நசுங்கிய செம்பு இறுகிப்போய்விடும். மறுபடி முறுக்கினால் அது நட்டோடு படியாது, லீக் நிற்காது. டீக்கடையில் கேட்டு, வாஷரைக் குறட்டில் பிடித்து பம்ப் அடுப்பின் நீலச் சுவாலையில் காட்டுவார்கள். அது செவசெவவென்று பழுத்ததும் தண்ணீரில் போட்டால் 'சுர்' என்று அடங்கும். மேலே படிந்த கருப்பை உப்புத்தாளில் தேய்த்துவிட்டால் விரலுக்கு இணங்கும் அளவு மெத்தென்று ஆகியிருக்கும். கொல்லர் பட்டறையின் அறிவு இது. மற்றதெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. இது ஒன்றுதான் உண்மையான ரிப்பேர் என்பேன்.

நாசிலுக்குப் போகும் குழாய்களில் ஒன்று வெடித்துவிட்டால்? அதைக் கழற்றி, வாயை ஒரு பாட்டிலுக்குள் திருப்பிக் கட்டிவிடுவார்கள். நாசில்களுக்கு டீசலை அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தச் சிலிண்டரின் பங்கைப் பாட்டிலுக்குள் துப்பிக்கொண்டே இருக்கும். மீதி மூன்று சிலிண்டரில் கார் உதறிக்கொண்டே ஊர் வந்து சேரும். வழியில் பாட்டில் நிறைந்தால் டேங்கில் ஊற்றிக்கொள்ளலாம், காசும் போகாது.

இதெல்லாம் நடந்ததற்குக் காரணம் டிரைவரின் சாமர்த்தியம் மட்டுமில்லை, அந்தப் பம்ப்பின் அமைப்பும்தான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, அளந்து, முறைவைத்து டீசலை அனுப்பும் பம்ப் அது. ஒரு குழாய் போனால் ஒரு சிலிண்டர்தான் போகும். 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்த காமன் ரெயில் முறை இதைத் தலைகீழாக்கியது. நம் டாக்சி ஸ்டாண்டுகளில் அதைப் பரவலாக்கியவை 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசலும் அதன் பின்னால் வந்த டிசையரும். இதில் பம்ப் டீசலை ஒரே தடித்த குழாய்க்குள் ஏற்றி வைத்திருக்கும். எல்லா இன்ஜெக்டர்களும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு குழாய் கசிந்தால் ரெயிலில் அழுத்தம் நிற்காது. அழுத்தம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் கண்டுகொண்டால் இன்ஜினையே நிறுத்திவிடும். பாட்டில் கட்டும் யோசனைக்கு இங்கே இடமே இல்லை.

அழுத்தத்தின் அளவும் வேறு. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். பழைய நாசில்கள் நூறு, நூற்றைம்பது பாரில் திறந்தன. முதல் காமன் ரெயில் 1,350 பார், பின்னால் வந்தவை அதையும் தாண்டிவிட்டன. அந்த அழுத்தத்தில் ஊசிமுனை அளவு விரிசலிலிருந்து வரும் டீசல் கண்ணுக்குப் புகையாகத்தான் தெரியும். எங்கே கசிகிறது என்று விரலால் தடவினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியது போல ஒரு புள்ளி, வலியும் அதிகம் இருக்காது. உள்ளே சதை கெட ஆரம்பித்திருக்கும், சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை தேவைப்படும். அட்டையைக் காட்டித்தான் பார்க்க வேண்டும், அதுவும் தெரிந்தவர்கள் மட்டும். ஓடுகிற இன்ஜினில் நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழைய கைப்பழக்கம் இங்கே ஆளையே ஊனமாக்கும்.

அன்றைய வைத்தியத்தை நான் கொண்டாடவும் மாட்டேன். சைக்கிள் டியூப் ரப்பர் டீசலில் ஊறி வீங்கி, சில மணி நேரத்தில் கொழகொழத்துப்போகும். "டீசல் தீப்பிடிக்காது" என்ற நம்பிக்கையில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலேயே சொட்ட விட்டு ஓட்டியவர்கள் உண்டு. டீசலின் ஆவி பற்றும் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக்கூடாது என்பதுதான் நம் நாட்டுத் தர நிர்ணயம். சித்திரை வெயிலில் பானட்டுக்குள் அந்தச் சூடு சாதாரணம். இன்றைக்கு டர்போவும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே டீசல் வாடை தூக்கினால் ஓரங்கட்டி, சாவியை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிட வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் உதவிக்கு 1033-ஐ அழைக்கலாம்.

ஆனால் கார் கம்பெனிகளிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. காமன் ரெயில் காரிலும் டேங்கிலிருந்து பம்ப் வரை வருவது குறைந்த அழுத்தப் பாதைதான். அங்கே இரும்புக்குப் பதில் நைலான் குழாய், நட்டுக்குப் பதில் 'கிளிக்' என்று மாட்டும் பிளாஸ்டிக் கனெக்டர். அதற்குள் இருக்கும் ஓ-ரிங் சில ரூபாய்தான் பெறும். பெரும்பாலும் அதைத் தனியாகத் தரமாட்டார்கள், குழாயை முழு செட்டாக வாங்கச் சொல்வார்கள். இதற்கும் ஊர் மெக்கானிக்குகள் வழி கண்டுவிட்டார்கள். வெடித்த இடத்தை நேராக அறுத்து, நைலான் முனையைக் கொதிக்கும் வெந்நீரில் கொஞ்ச நேரம் பிடித்தால் இளகும். அப்போது பித்தளை ஜாயிண்ட்டைச் செருகினால் ஆறியதும் கவ்விக்கொள்ளும். பட்டறை வரை போவதற்கு அது போதும். ஆனால் பைபாஸ் ஓரத்தில் அந்த மெக்கானிக் இல்லை. சாலை ஊரை விட்டு விலகியபோது அவர் பழைய ரோட்டிலேயே தங்கிவிட்டார்.

மிச்சமிருக்கும் பழைய டீசல் கார்களுக்கு இப்போது புது விதமான லீக். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்-தான். கந்தகத்தை நீக்கும்போது, ரப்பரை உப்பலாக வைத்திருந்த அரோமாட்டிக் வகைப் பொருள்களும் டீசலில் குறையக்கூடும். அமெரிக்காவில் 1993-ல் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது, ஆண்டுக்கணக்கில் பழைய டீசலில் ஊறியிருந்த நைட்ரைல் சீல்கள் சுருங்கி, பம்ப்புகள் ஒழுகத் தொடங்கின. வண்டியில் வேறு எந்தக் கோளாறும் இருக்காது, பம்ப் மட்டும் மெல்ல வியர்க்கும். எத்தனை முறுக்கினாலும் நிற்காது, எம்-சீல் அப்பியும் பயனில்லை. பம்ப்பை இறக்கி, பழைய நைட்ரைலைக் களைந்து, வைட்டான் சீல் கிட் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.