தங்கமீனின் மூச்சு

டிஸ்கஸ் மீனையும் தங்கமீனையும் ஒரே தொட்டியில் வளர்க்க ஆசைப்படும் மதுரை வாசகர் ஒருவர், நீரின் உஷ்ணம் எத்தனை டிகிரி இருக்கவேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் பொதுவாக ஓர் எண்ணைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமேஸான் பிரதேசத்து வெதுவெதுப்பான நீரில் தோன்றிய டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி சென்டிகிரேட் வேண்டும், சீனக் குளங்களில் பல நூற்றாண்டுகளாகப் பேணப்பட்ட தங்கமீனோ 18 முதல் 22 டிகிரியில்தான் சுகப்படும்.

மீனுக்கு நீரின் சூடே சரீரத்தின் சூடு. ஆகையால் நீர் சூடேற ஏற அதன் ஜீவ வியாபாரங்கள் துரிதப்பட்டு, பிராணவாயு அதிகமாகத் தேவைப்படுகிறது. 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கக்கூடிய நீரோ, 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமுக்கு மேல் தாங்காது. என் தங்கையின் கல்யாணத்தில், பந்திக்கு ஜனங்கள் பெருகிவந்த வேளையில்தான் அரிசி தீர்ந்துபோயிற்று; அந்தச் சங்கடமே இங்கும். நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீனைப் பசித்திருப்பதாக எண்ணி இரை தூவுகிறோமே, அது மூச்சுக்கு அல்லவா தவிக்கிறது!

இந்தத் தங்கமீனிடம் உள்ள ஒரு விசித்திரத்தை நினைக்குந்தோறும் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. மேலே பனிக்கட்டி மூடி, பிராணவாயு அற்றுப்போன குளிர்ந்த நீரிலும் அது பல நாட்கள் உயிர் தரித்திருக்கும். அத்தகைய நிலையில் நம் போன்ற பிராணிகளின் உடலில் லாக்டிக் அமிலம் தேங்கி உயிருக்கே அபாயமாகிவிடும். தங்கமீனோ, ஈரலில் சேமித்த சர்க்கரைச் சத்தைக்கொண்டு காலம் தள்ளி, விளையும் அமிலத்தைத் தன் தசைகளிலே மதுசாரமாக மாற்றி, செவுள்களின் வழியே நீரில் கரையவிட்டுவிடுகிறது என்பதை 1980-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். உடலின் செலவு சுருங்கிய குளிரில் நாட்கணக்கில் கைகொடுக்கும் இந்த வித்தை, கோடையில் அவ்வளவு நேரம் தாங்காது.

பனிக்கடியிலும் பிழைக்கவல்ல இந்த ஜீவனைச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் அடைத்து, சித்திரை வெயில் படும் ஜன்னலோரத்தில் அழகுக்காக வைப்பது, அறியாமல் செய்தாலும் கொடுமையே. மதுரை அன்பர் டிஸ்கஸை மட்டும் வளர்க்கட்டும். மார்கழி இரவுகளில் மறவாமல் ஹீட்டர் போடவேண்டும். தங்கமீன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அகன்ற தொட்டியில் நிழலில் வைத்து, நீர்ப்பரப்பின்மீது மின்விசிறிக் காற்று படும்படி செய்யலாம். ஐஸ் கட்டியை மட்டும் போடவேண்டாம். திடீர்க் குளிர்ச்சி வெயிலைக் காட்டிலும் கொடிது. கடையிலிருந்து கொணர்ந்த மீனைக்கூடப் பையோடு கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்ட பிறகே அவிழ்க்கவேண்டும்.