ஆயிரத்து ஐநூறு ரூபாயில் கடல் பூங்கா

டூர் என்றதும் துள்ளிக் குதிப்பவர்கள் உண்டு. சரியாக அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சலில் படுப்பவர்களும் உண்டு. சென்ற ஆண்டு நான் இரண்டாவது ரகம். உண்மையில் காய்ச்சல் இல்லை, பணம்தான் இல்லை. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். நாலாயிரம் கேட்க வாய் வரவில்லை.

இந்த ஆண்டு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைப் பார்த்து வந்தோம். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்து 1986-இல் இந்தப் பூங்கா ஆனது. பவளப்பாறை, கடற்புல், கடல் பசு, கடல் குதிரை எல்லாம் வாழும் இடம்.

முதல் வேலை உண்டியல். ஜூலையிலிருந்து வாரம் 50 ரூபாய். 30 வாரத்தில் தலைக்கு 1,500. ஒருவனால் இரண்டு வாரம் கட்ட முடியவில்லை. யாரும் கேட்கவில்லை, அவனே பிறகு சேர்த்துப் போட்டான்.

ஒதுக்கீடு இதுதான்: ரயிலுக்கு 800, படகுக்கு 300, உள்ளூர் பஸ்ஸுக்கு 100, சாப்பாட்டுக்கு 200, கைச்செலவுக்கு 100.

ரகசியம் என்னவென்றால், இரண்டு இரவும் ரயிலில்தான் தூக்கம். லாட்ஜ் வாடகை மிச்சம்! ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், எதிரே பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து எழும்பூரோ தாம்பரமோ. முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும், அன்றைக்கே போட்டுவிடுங்கள். ஒரு வேளைக்கு அம்மா கட்டிய புளிசாதம்.

போகுமுன் இராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் படகு விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். நினைத்தபடி தீவில் இறங்க முடியாது, அனுமதி வேண்டும். காற்று பலமாக இருந்தால் படகும் கிடையாது. அதனால் பிப்ரவரியில் போனோம்.

கண்ணாடி அடித்தளப் படகில் குனிந்து பார்த்தால் மூளை மாதிரி ஒரு பவளம், அதைச் சுற்றி வரிவரியாய் மீன்கள். பவளம் கல் அல்ல, சின்னஞ்சிறு உயிர்கள் கட்டும் சுண்ணாம்புக் கூடு. பல வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரைதான் வளரும். எங்கள் உண்டியல் மாதிரி! இந்தப் பாறைதான் அலையின் வேகத்தைத் தடுத்துத் தீவுகளைக் காக்கிறது. முன்பு சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போய்விட்டன. பவளத்தில் ஒரு துண்டு எடுத்தாலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்னடா வாங்கிட்டு வந்தே?" என்றார். வெறுங்கையைக் காட்டிவிட்டு, பார்த்ததையெல்லாம் சொன்னேன். அப்பா ஷிப்டுக்குக் கிளம்பாமல் நின்று கேட்டார்.

தம்பிகளே, அடுத்த டூருக்கு யாருக்காவது 'காய்ச்சல்' வரும்போல் இருந்தால் ஜூலையிலேயே சொல்லுங்கள். உண்டியல் என்னிடம்தான் இருக்கிறது.