கல்லியேனா எங்கே இருக்கிறது?

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வணிகம் செய்த, பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிவைத்த கடல்வழிக் கையேடு ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்’. சிறிதும் பெரிதுமாக 66 பகுதிகள். அதில் வரும் கல்லியேனா, மும்பைக்கு அருகிலுள்ள இன்றைய கல்யாண். உல்லாஸ்நகரிலிருந்து லோக்கல் ரயிலில் ஏறினால் விட்டல்வாடிக்கு அடுத்த நிலையம்.

ஒரு காலத்தில் முறையான சந்தையாக இருந்த ஊர், ஆட்சி மாறியதும் முடங்கியது. அங்கே தப்பித்தவறி வந்த கிரேக்கக் கப்பல்கள் காவலுடன் பாரிகாசாவுக்கு அனுப்பப்பட்டன என்கிறது கையேடு. வரைபடம் இல்லாமல் படிப்பவர் இதை ஒரு வரியாகக் கடந்துவிடுவார். வரைபடத்தை விரித்தால் சங்கதி புரியும். பாரிகாசா என்பது குஜராத்தின் பரூச். ஏறக்குறைய 270 கி.மீ. வடக்கே இருந்த போட்டித் துறைமுகம். தக்காணத்தை ஆண்ட சாதவாகனர்களுக்கும் பரூச் பகுதியை ஆண்ட சத்ரபர்களுக்கும் நடந்த சுங்கச் சண்டை அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. கல்யாண் கடலோர ஊரும் அல்ல. உல்லாஸ் ஆற்றின் கழிமுகம் வழியாக உள்ளே வரவேண்டும். உள்ளே வந்த கப்பலை மடக்குவது எளிது.

தெற்கே போகப் போக நூல் சூடுபிடிக்கிறது. கேரளக் கரைத் துறைமுகமான திண்டிஸிலிருந்து முசிறி 500 ஸ்டேடியம், அதாவது சுமார் 90 கி.மீ.; கரையிலிருந்து ஆற்றில் மேலும் 20 ஸ்டேடியம் என்று அளந்து சொல்கிறார். கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறார். குமரியைத் தாண்டியதும் இப்படிப்பட்ட தூர அளவுகள் மறைந்துவிடுகின்றன. பார்த்தது எது, கேள்விப்பட்டது எது என்பதைக் காட்டிக்கொடுப்பது இந்த இடம்தான்.

இப்படிப் படிக்க வரைபடம் கையில் வேண்டும். பழைய பயணநூல்களின் இறுதியில் மடித்து ஒட்டிய வரைபடம் இருக்கும். நூலகப் பிரதிகளில் முதலில் கிழிவது அதுதான். மலிவு மறுபதிப்புகளில் அதை விட்டுவிடுகிறார்கள். ஸ்கேன் செய்த பிரதிகளிலோ மடிப்பைப் பிரிக்காமலே படமெடுத்திருப்பார்கள். திரையில் தெரிவது வெள்ளைத்தாளின் முதுகு. கைப்பேசியில் வரைபடம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதில் கல்லியேனா இல்லை. பழைய வரைபடத்திலோ உல்லாஸ்நகர் இல்லை. ராணுவ முகாமாகவும் பிறகு சிந்தி அகதிகள் முகாமாகவும் இருந்த கல்யாண் கேம்ப், 1949-இல் கவர்னர் ஜெனரல் ராஜாஜி அடிக்கல் நாட்டியபோதுதான் அந்தப் பெயரைப் பெற்றது. படிப்பவருக்கு இரண்டு வரைபடமும் வேண்டும்.

பயணநூல் எடுப்பவர்கள் முதலில் பின்னட்டையைத் திறந்து பாருங்கள். வரைபடம் கிழிந்திருந்தால் நூலகரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.